இரும்புப் படகுக்கு எந்த பிரைமர்?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் இரும்பு விசைப்படகைக் கரையேற்றி பெயிண்ட் அடிக்கப் போகிறோம். தண்ணீருக்குள் இருக்கும் பகுதி சுமார் 80 சதுர மீட்டர். ரெட் ஆக்சைடு பிரைமரே போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? எவ்வளவு வாங்குவது?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: போதாது. சாதாரண ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குச் சரி. அதிலுள்ள ஆல்கிட் பிசின் கடல்நீரில் ஊறி, கொப்புளித்து உரிந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர்தான் வேண்டும்.

அளவுக்கு டப்பாவில் 'வால்யூம் சாலிட்ஸ்' (காய்ந்தபின் படலமாக மிஞ்சும் பங்கு) பாருங்கள். 60 சதவீதம் என்றால், காய்ந்தபின் 100 மைக்ரான் (0.1 மி.மீ.) கனத்தில் லிட்டருக்கு 6 சதுர மீட்டர். சேதாரம் போக நாலேகால்தான். இரண்டு கோட்டுக்கு 40 லிட்டர் வாங்குங்கள். இரண்டாவது டப்பாவில் வரும் கடினப்படுத்தி (ஹார்டனர்) அந்தந்த பிரைமருக்கு உரியதாகவே இருக்கட்டும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போட்டால் பெயிண்ட் இறுகாது.

பழைய ஆல்கிட் பெயிண்ட் மேல் எபாக்சி அடித்தால் பழையது சுருங்கித் தூக்கும், முழுதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிங்குக்கு (மணல் போன்ற துகளை வேகமாக அடித்துத் துருவை நீக்குவது) முன்பே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். பல கொப்புளங்களுக்குக் காரணம் மலிவு பிரைமர் அல்ல, இந்த உப்புதான். பிளாஸ்டிங் முடிந்த அன்றே, மறுபடி துரு பூப்பதற்குள் முதல் கோட். அதிகாலை ஈரத்தில் வேண்டாம்.

சிங்க் அனோடுகள் (இரும்புக்குப் பதில் தாம் அரிந்து படகைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள்) மேல் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. பட்டால் அவை வேலை செய்யாது.