பேரனோடு பிடித்த பந்தயம்

அன்புள்ள தம்பிக்கு,

தபால் திணைக்களத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறேன், மகள் ஒஸ்லோவில். பேரன் ஒன்பதாம் தரம் படிக்கிறான். போன கிழமை பொழுதுபட்ட பிறகு மொட்டை மாடியில் நிற்கும்போது ஒரு வெளிச்சப் புள்ளி வானத்தைக் கடந்து போனது. சர்வதேச விண்வெளி நிலையம் என்றான். அங்கே ஈர்ப்பு இல்லாதபடியால்தானே ஆட்கள் மிதக்கிறார்கள் என்றேன். இல்லையாம், அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறதென்று ரியூசன் சேர் சொன்னாராம். பிறகேன் மிதக்கிறார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. அதை மறைக்க வட்ஸ்அப் வீடியோ ஒன்றைக் காட்டினான். இலங்கைக்குத் தெற்கே கடலில் 'ஈர்ப்புக் குழி' இருக்கிறதாம், 100 மீற்றருக்கு மேல் பள்ளமாம், கப்பல் போனால் உள்ளே சறுக்கிவிடுமாம். சுத்தப் புளுகு என்றேன். கடைசியில், ஆரியபட்டரே இலங்கையைத்தான் உலகத்தின் மையமாக வைத்தார் என்று நான் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றுக்கும் ஐஸ்கிரீம் பந்தயம். தீர்ப்பை உங்களிடம் விடுகிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்

அன்புள்ள ஐயாவுக்கு,

முதலாவதில் தோற்றுவிட்டீர்கள். ஆனாலும் உங்களைப்போல நினைக்காத ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. 'ஈர்ப்பற்ற வெளி' என்று எழுதி எழுதிப் பத்திரிகைகளே எங்களைப் பழக்கிவிட்டன.

அந்த நிலையம் பறக்கிற உயரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இங்கிருந்து யாழ்ப்பாண பஸ் ஓடுகிற தூரம், அவ்வளவுதான். ஈர்ப்புக் கணக்கைத் தரையிலிருந்து தொடங்குவதில்லை, பூமியின் மையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மையத்திலிருந்து நாங்கள் ஏற்கெனவே 6,371 கிலோமீற்றர் தள்ளித்தான் நிற்கிறோம். அதோடு இன்னொரு 400 சேர்ந்தால் எவ்வளவு குறைந்துவிடப் போகிறது? விழுகிற பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் ஈர்ப்பு ஆர்முடுகல். தரையில் செக்கனுக்கு 9.8 மீற்றர் வீதம் கூடுகிற வேகம் அங்கே 8.7 வீதம் கூடும். அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி 50 கிலோ ஆள் ஒருவரை உச்சியில் ஏற்றினால் வில் தராசு 44 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார். கால் தவறினால் கீழே வருவார்.

பிறகேன் நிலையத்தில் இருப்பவர்கள் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டிருப்பதால்தான். நிலையம் விழுகிறது, உள்ளே இருக்கிற ஆள் விழுகிறார், அவர் கைவிட்ட பேனாவும் விழுகிறது. எல்லாம் ஒரே மாதிரி விழும்போது ஒன்று இன்னொன்றை அழுத்துவதில்லை. நிறை என்று நாங்கள் உணர்வது தரையோ கதிரையோ எங்களைத் திருப்பித் தள்ளுகிற தள்ளலைத்தான்.

சொல்ல லேசு. இதை நம்ப எனக்கே ஒரு போத்தல் தேவைப்பட்டது. பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் அடிப்பக்கம் ஆணியைச் சுடவைத்து ஒரு துளை போட்டேன். தண்ணீரை நிரப்பி, விரலால் பொத்திப் பிடித்து, எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் மாடிக்குக் கொண்டு போனேன். மூடி திறந்திருக்க விரலை எடுத்தால் தண்ணீர் நூல்போலச் சீறி வரும். அப்படிச் சீறிக்கொண்டிருக்கும்போதே போத்தலைக் கைவிட்டேன். கீழே நின்ற பக்கத்து வீட்டுப் பையன் போனில் படம் பிடித்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கையை விட்ட கணத்தில் அந்த நூல் அறுந்துபோகிறது. துளை திறந்தே இருக்கிறது, உள்ளே தண்ணீரும் இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. தண்ணீர் கீழே போக நினைக்கிற அதே வேகத்தில் போத்தலும் போகிறதே, யார் யாரை முந்துவது? பிறகு நிலத்தில் விழுந்து உடைந்து, செக்கியூரிட்டி ஐயாவின் சேட்டை நனைத்து, அன்று நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. நீங்கள் கதிரையில் ஏறி நின்று வாளிக்குள் போட்டால் போதும்.

அடுத்த கேள்வியைப் பேரன் கட்டாயம் கேட்பான்: விழுகிறதென்றால் நிலையம் ஏன் இன்னும் எங்கள் தலையில் விழவில்லை? அதற்குப் பக்கவாட்டு வேகம்தான் காரணம். கைவிட்ட எந்தப் பொருளும் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும். பூமி உருண்டை என்பதால், நேர்கோட்டில் 8 கிலோமீற்றர் போனால் அதன் மேற்பரப்பும் ஏறத்தாழ அதே 4.9 மீற்றர் வளைந்து கீழே போயிருக்கும். ஆகவே ஒரு செக்கனில் 8 கிலோமீற்றர் ஓடுகிற பொருளுக்கு, விழ விழ நிலமும் விலகிக்கொண்டே போகும். நியூட்டன் 300 வருஷத்துக்கு முன்பே மலை உச்சியில் ஒரு பீரங்கியைக் கற்பனை பண்ணி இதைப் படம் போட்டுக் காட்டிவிட்டார். வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கும் ஏறத்தாழ அந்த 8 கிலோமீற்றர்தான். உங்கள் ரயில் இருபது நிமிஷம் எடுக்கிற தூரத்தை நிலையம் ஒரு செக்கனில் தாண்டுகிறது. பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணித்தியாலம். அதற்கு எஞ்சின் இழுக்க வேண்டியதில்லை. அங்கேயும் கொஞ்சம் இருக்கிற காற்று உரசி உயரம் இறங்கும்போது மட்டும் இடைக்கிடை ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார்கள். சந்திரனும் இதே வழக்கம்தான். செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, எங்களை நோக்கி 1.4 மில்லிமீற்றர் விழுகிறது.

இரண்டாவதில் இரண்டு பேருக்கும் அரை அரை. பள்ளம் உண்மை, சறுக்கல் புளுகு. அந்தப் பள்ளத்துக்குக் காரணமான ஈர்ப்புக் குறைவை 1948இல் வெனிங் மெய்னஸ் என்ற டச்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். பூமியை இலேசாக அமுங்கிய ஒழுங்கான கோளமாக வைத்துக் கணக்குப் போட்டால் கடல் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ, அதற்கு 106 மீற்றர் கீழே அங்கே நிற்கிறது. கீழே ஆழத்தில் இருக்கிற பாறை சூடாகி அடர்த்தி குறைந்திருப்பதுதான் காரணம் என்று 2023இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவன ஆய்வாளர்கள் கணினி மாதிரிகள் போட்டுச் சொன்னார்கள். 'ஈர்ப்புக் குழி' என்ற பெயர் செய்திகளில் அடிபட்டது அப்போதுதான்.

பள்ளமென்றால் தண்ணீர் ஏன் ஓடி நிரப்பவில்லை? ஓட வேண்டியதெல்லாம் எப்போதோ ஓடி முடிந்துவிட்டது. மேசன் எதை மட்டம் என்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்குச் செங்குத்தாக இருப்பதைத்தான். தூக்குக்குண்டை இழுப்பதே ஈர்ப்பு. அந்தக் கடலில் ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதற்குச் செங்குத்தாகத்தான் நீரும் நிற்கிறது. கப்பலுக்கு அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றிப் போகிற கப்பல்கள் எல்லாம் அந்தப் பரந்த பள்ளத்தின் மேலால்தான் போகின்றன.

வீடியோ போட்டவர் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு. கொழும்பும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. கடல் மட்டத்துக்குத் திருத்தாத உயரத்தைக் காட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்றை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கொண்டு போங்கள், முன்பு சொன்ன அந்த ஒழுங்கான கோளத்தைப் பூச்சியமாக வைத்து, நீங்கள் அதற்குக் கீழே 90 மீற்றருக்கும் அதிகமாக நிற்பதாகக் காட்டும். இத்தனை வருஷமாக யாரும் சறுக்கவில்லை.

நிறை குறையாதா என்றால், குழியால் உங்களுக்குக் குறைவது சில கிராம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் குறைவது அதைவிட எவ்வளவோ அதிகம். இங்கே வில் தராசில் 70 கிலோ காட்டுகிற ஆள் அதே தராசோடு ஒஸ்லோ போனால் கால் கிலோ கூடக் காட்டும். திணிவு, அதாவது உடம்பில் இருக்கிற பொருளின் அளவு, மாறாது; ஈர்ப்பு இழுக்கிற நிறைதான் மாறும். மகளுக்குச் சொல்லி வையுங்கள், சாப்பாட்டைக் குறைக்க முதல்.

மூன்றாவது. ஆரியபட்டர் லங்கா என்ற பெயரைச் சொன்னது சரி. கி.பி. 499 அளவில் எழுதிய ஆரியபட்டீயத்தில் அது வருகிறது. ஆனால் அந்தக் கால வானியலில் லங்கா என்பது உஜ்ஜயினி வழியாகப் போகிற தீர்க்கரேகை பூமத்திய ரேகையை வெட்டுகிற இடம், எங்கள் கிறீன்விச் மாதிரிக் கணக்குக்கு வைத்த பூச்சியம். அது கடலில் கிடக்கிறது. எங்கள் தீவு அதற்கு வடக்கே, கொஞ்சம் கிழக்கே. அதைவிட அவர் அந்தப் பெயரைச் சொன்ன இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் அசையாமல் இருப்பவை பின்னே போவதுபோலத் தெரிவதைப்போல, அசையாத நட்சத்திரங்கள் லங்காவில் நேர் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்கிறார். சுழல்வது பூமிதான் என்கிறார். அப்படிச் சொன்னவரும் சூரியனையும் கோள்களையும் பூமியைச் சுற்றித்தான் ஓடவிட்டார், அது வேறு. பூமி மையமில்லை என்று ஆன பிறகு சூரியனும் மையமில்லை என்று ஆகி, பால்வெளியின் நடுவிலிருந்து அது 26,000 ஒளியாண்டு தள்ளிக் கிடப்பது தெரியவந்தது.

ஆரியபட்டர் பூமியை நடுவில் வைத்தார், லங்காவைப் பூச்சியமாக வைத்தார் என்ற அளவுக்கு உங்களுக்கும் அரை தருகிறேன். ஆக மொத்தம் பேரனுக்கு இரண்டு ஐஸ்கிரீம், உங்களுக்கு ஒன்று. காசு எப்படியும் நீங்கள்தானே கொடுக்கப் போகிறீர்கள்.