அவுட் ஆன பிள்ளை எங்கே உட்காருகிறது?

அன்புள்ள சார்,

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 36 பிள்ளைகள். இலக்கணத்தை விளையாட்டாகவே சொல்லித்தருகிறேன். எல்லோரையும் நிற்கவைத்து ஒரு வினைச்சொல் கொடுப்பேன். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவுட், உட்கார்ந்துவிட வேண்டும். கடைசிவரை நிற்பவருக்குப் பென்சில். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு பத்துப் பேர் எப்போதும் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை. சத்தம் அதிகம் என்று தலைமையாசிரியரும் சொல்கிறார். செல்போன் செயலிகளைப் பயன்படுத்தலாமா? பாஸிவ் வாய்ஸுக்கு, அதாவது செயப்பாட்டு வினைக்கு, நல்ல விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இலக்கணம் என்றாலே அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கு நடுவே பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வாய் திறக்கவைக்கிறீர்கள். அதற்காகவே உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆங்கில வகுப்பில் பேசாத பிள்ளை ஆங்கிலத்தை வேறு எங்கே போய்ப் பேசும்? தலைமையாசிரியரை ஒருநாள் உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். செயலி இப்போதைக்கு வேண்டாம். எதிரே ஒரு முகம் இருந்தால் போதும்.

ஆனால் 'அவர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பத்துப் பேரை முதல் சுற்றிலேயே உட்காரவைத்தது உங்கள் விளையாட்டின் விதி. ஆட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த பிள்ளை கடைசிவரை நின்று பத்துப் பன்னிரண்டு வாக்கியம் சொல்கிறது. தெரியாத பிள்ளை ஒரே ஒரு வாக்கியம், அதுவும் தப்பாகச் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்க மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறது. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளையை முதலில் வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். இதை வாரத்துக்கு ஒருமுறை நடத்தினால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

அவுட் ஆவதும் எதற்காக? 'ஹி கோ டு ஸ்கூல்' என்றிருப்பான், 'கோஸ்' என்று சொல்லாமல். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு இந்த 'எஸ்' மிகவும் தாமதமாகத்தான் படிகிறது என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். 'கோயிங்' என்பதில் வரும் 'ஐஎன்ஜி' வெகு முன்னால் வந்துவிடும். 'எஸ்' கடைசி வரிசையில்தான் வந்து நிற்கும். விதி தெரிந்த பிள்ளைக்கும் பேச்சில் நழுவும். இத்தனைக்கும் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறது என்று ஆளுக்குத் தகுந்தபடி வினையை மாற்றிச் சொல்வதை அதே பிள்ளை பள்ளிக்கு வரும் முன்பே கற்றுக்கொண்டது. வீட்டில் தப்பாகச் சொன்னபோது யாரும் அதை அவுட் ஆக்கவில்லை. பேசிக்கொண்டே இருக்க விட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் ஊர்க் கபடி அணியில் பாடிப்போகிறவன். எங்கள் சாரும் உங்களைப் போலத்தான், நல்ல மனசோடு, வெள்ளிக்கிழமைகளில் இதே ஆட்டத்தை வைப்பார். அவன் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுவான். சாயங்காலம் மைதானத்தில் பிடிபட்டால் வெளியே போய் நிற்பான். நாங்கள் எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால் உடனே உள்ளே வந்துவிடுவான். கபடியில் அவுட் ஆனவனுக்குத் திரும்பி வர வழி உண்டு. வகுப்பில் அந்த வழி இல்லை. அரையாண்டு வருவதற்குள், சார் அவன் பக்கம் பார்த்ததுமே வாக்கியம் சொல்லாமல் தானாகவே உட்கார ஆரம்பித்துவிட்டான். சார் அதைத் திமிர் என்று நினைத்தார். இன்று அவன் லாரி ஓட்டுகிறான். நாக்பூர் தாண்டினால் ஹிந்தியில் பேரம் பேசுகிறான், சண்டை போடுகிறான், தாபாவில் உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். அவனுக்கா மொழி வராது?

2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் செயல்வழிக் கற்றல் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, கையில் அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி. அதில் பல குறைகள் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று மேலே போகலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. நடுநிலை வகுப்புக்கு வந்ததும் அதை ஏன் கைவிட வேண்டும்?

ஜோடி சேர்த்து விடுங்கள். 36 பேர், 18 ஜோடி. ஒருவர் மனசில் ஒரு விலங்கை நினைத்துக்கொள்ளட்டும். மற்றவர் கேட்கட்டும்: 'டஸ் இட் ஃப்ளை?', 'டஸ் இட் ஈட் கிராஸ்?' தமிழில் 'பறக்குமா' என்று கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி முடிந்தது. ஆங்கிலத்தில் 'டஸ்' முன்னால் வர வேண்டும், வினையில் 'எஸ்' இருக்கக் கூடாது. வாய் அதற்குப் பழக நிறையத் தடவை கேட்டாக வேண்டும். பத்து நிமிடம் 18 ஜோடியும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். சுற்றி நடந்து காது கொடுங்கள். அடிக்கடி விழும் இரண்டு பிழைகளை மட்டும் பிறகு, யார் பெயரையும் சொல்லாமல், பலகையில் எழுதிப் பேசுங்கள். பென்சில் வேண்டாம். விடையைக் கண்டுபிடிக்கிற ஆசையே போதும்.

அப்புறம், பாஸிவ் வாய்ஸ். இரண்டு பேரைத் தவிர எல்லோரையும் வராண்டாவில் நிறுத்துங்கள். உள்ளே இருப்பவர்கள் மூன்று பொருளை மாற்றிவைக்கட்டும். நாற்காலியை நகர்த்தலாம், ஜன்னலைத் திறக்கலாம், பலகையைத் துடைக்கலாம். மற்றவர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்: 'தி சேர் ஹாஸ் பீன் மூவ்டு', 'தி விண்டோ ஹாஸ் பீன் ஓப்பன்டு'. இரண்டு பேரில் யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் பாஸிவ் தானாகவே தேவைப்படும். முதல் தடவை உள்ளே நின்று மாற்றிவைக்கும் வேலையை அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேருக்குக் கொடுங்கள்.