லியோசெல் துணியில் வெளுத்த கோடு: மேல்சாயம் தீர்வாகுமா?

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "லியோசெல் சிங்கிள் ஜெர்சியை (பின்னல் துணி) சாஃப்ட் ஃப்ளோவில் (துணியைக் கயிறுபோலச் சுற்றவிட்டுச் சாயமேற்றும் மெஷின்) நேவி ப்ளூ ஓட்டினோம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்த கோடு. மேல்சாயம் கொடுத்தும் போகவில்லை, கூடத்தான் செய்தது. சாயத்தை மாற்றலாமா?"

முதலில் மேல்சாயத்தை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சாயம் ஏறாத இடமல்ல, இழையின் மேற்பரப்பு உரிந்த இடம். லியோசெல் மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்யும் இழை; அதற்குள் நுண்ணிழைகள் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் பிடிப்பு குறைவு. நனைந்து உப்பியதும் அது இன்னும் தளரும். அப்போது துணி உரசினால் நுண்ணிழைகள் பிரிந்து மேலே எழுந்து ஒளியைச் சிதறடிக்கும். சாயம் முழுதாக ஏறியிருந்தாலும் கண்ணுக்கு வெளுப்புதான் தெரியும். சூடும் காரமும் இதை வேகப்படுத்தும். மேல்சாயம் என்றால் இவை எல்லாம் இன்னொரு முறை.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி ஆசிட் செல்லுலேஸ் என்ற என்சைமில் பயோ பாலிஷ் செய்து, அதாவது மேலே எழுந்த நுண்ணிழைகளை நீக்கிப் பாருங்கள்: பி.ஹெச். 4.5 முதல் 5.5, சூடு 50–55 டிகிரி. கோடு மங்கினால் காரணம் நுண்ணிழைதான். லாட்டைக் காப்பாற்றவும் பயோ பாலிஷே வழி. ஆனால் ஷேடு கொஞ்சம் நகரும், பையரிடம் முன்பே பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றி என்சைமைக் கொல்லாவிட்டால் துணியின் பலம் போய்விடும்.

அடுத்த லாட்டுக்கு என் முதல் கவனம் மெஷின் மேல்தான். லோடைக் குறையுங்கள். லிக்கர் ரேஷியோ (துணி எடைக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8க்குக் கீழே, அதாவது ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீருக்குக் குறைவாகப் போகவேண்டாம். துணியைத் தள்ளும் நாசில் பிரஷரைத் துணி நகரும் அளவுக்கு மட்டும் வையுங்கள். கிரீஸ் மார்க் (மடிப்புத் தடம்) தடுக்கும் லூப்ரிகன்ட் லிட்டருக்கு 1–2 கிராம், துணி உள்ளே போவதற்கு முன்பே தண்ணீரில் கலந்திருக்கவேண்டும். மடிப்பு விழுந்தபின் ஊற்றிப் பயனில்லை. டியூப் துணியானால் முகப்பை உள்பக்கம் திருப்பி ஓட்டுங்கள். சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் நிமிடத்துக்கு 1–1.5 டிகிரி போதும். ஓப்பன் வித்தில், அதாவது துணியை விரித்தபடி, கோல்டு பேட் பேட்ச் (சாயத்தில் நனைத்துப் பிழிந்து, சுருட்டி, சூடில்லாமல் ஊறவிடும் முறை) செய்ய வசதியிருந்தால், துணி கயிறாகச் சுழல்வதால் வரும் ரோப் உரசலே இல்லாமல் போகும்.

சாயத்தை மாற்றுவதிலும் பலன் உண்டு. இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களில் இரண்டு வினைத்தொகுதிகள் கொண்டவை செல்லுலோஸ் சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பதால் நுண்ணிழை பிரிவது குறையும். ஆனால் மெஷினைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

விஸ்கோஸ் ஓட்டும்போது கதை வேறு. அதில் நுண்ணிழைப் பிரச்சினை குறைவு, ஆனால் நனைந்தால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அங்கே இழுவைதான் எதிரி.

நூல் வாங்கும்போதே டென்செல் ஏ100 போன்ற, குறுக்குப் பிணைப்பு கொடுத்த ரகமா என்று கேளுங்கள். டார்க் ஷேடுக்கு அதுதான் நிம்மதி. சாயம் ஏறும் அளவு சாதாரண ரகத்திலிருந்து மாறும், எனவே லேப் டிப் (சிறு துண்டில் போடும் சோதனைச் சாயம்) புதிதாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே லாட்டில் கலக்காதீர்கள்.