பூடுவார் போட்டோ: வீட்டிலேயே எடுப்பது பற்றிச் சில கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சி என்று கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பெண்கள் தங்கள் அறையிலேயே, தங்களுக்காகவோ வீட்டுக்காரருக்காகவோ எடுத்துக்கொள்ளும் அந்தரங்கப் படங்களைத்தான் பூடுவார் என்கிறோம். இரவு உடையோ, முண்டும் நேரியதுமோ, வெறும் முதுகும் மல்லிகைச் சரமுமோ, அவரவர் விருப்பம். கல்யாணப் படங்களோடு இதையும் வீடுகளுக்குப் போய் எடுத்துத் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சின்ன ரூம், ஒரே ஜன்னல். படம் நன்றாக வருமா?

ஒரு ஜன்னல் தாராளம். ரூம் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்தால் முகம் ஒரு நிறம், தோள் ஒரு நிறம் ஆகிவிடும். வெயில் நேராக விழும் ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டினால் போதும்.

உங்கள் வீட்டில் தொல்லை கொடுப்பது தரைதான். நம் பக்கத்துச் சிவப்புக் காவித் தரை பார்க்க அழகு, ஆனால் அதில் பட்டு எழும் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் செம்பு நிறத்தை அப்பிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் கழுத்து ஒட்டவைத்ததுபோல் தெரியும். கேமராவில் படாத இடத்தில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டை விரித்தால் சரியாகிவிடும். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரை ஒட்டி நின்றாலும் இதே கதைதான்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கதவு படார் படார் என்று அடிக்கும். எடுக்கும் முன்பே கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள். திடுக்கிட்ட முகம் இந்த மாதிரிப் படத்துக்கு ஆகாது.

சித்தூர்: நான் ஆண் போட்டோகிராபர். இதை எடுக்கலாமா? என்ன லென்ஸ் வைத்துக்கொள்வது?

எடுக்கலாம் தம்பி. ஆனால் படம் எடுத்துக்கொள்பவர் தேர்ந்தெடுத்த ஒரு பெண் துணைக்கு இருக்க வேண்டும், உங்கள் அசிஸ்டென்ட் கணக்கில் வராது. போஸ் சரிசெய்யக் கையை நீட்டாதீர்கள். முடி கலைந்திருந்தாலும் புடவை விலகியிருந்தாலும் வாயால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே அப்படி நின்று காட்டுங்கள். அவர் சிரிப்பார், இறுக்கமும் போய்விடும். பதினெட்டு வயது நிறைந்ததற்கான அடையாள அட்டையைப் பார்க்காமல் கேமராவைத் திறக்கவே கூடாது.

லென்ஸ் விஷயத்தில், பத்தடி ரூமில் 85 எம்எம் இடுப்புக்கு மேலேதான் பிடிக்கும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50, 35 இரண்டும் போதும். 24 போட்டுப் பக்கத்தில் போனால் முன்னால் இருக்கும் கால் யானைக்கால் ஆகிவிடும், திட்டு வாங்குவீர்கள். எல்இடி பல்பு வெளிச்சத்தில் எடுத்தே ஆக வேண்டுமானால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் பட்டை விழக்கூடும். கசவுக் கரையில் (ஜரிகைக் கரை) வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும், அதைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

வேலந்தாவளம்: கூட்டுக் குடும்பம் அக்கா. மாமியார், கொழுந்தனார் எல்லோரும் உண்டு. எப்படிச் சமாளிப்பது?

பொய் சொல்லாதீர்கள் கண்ணு, "போட்டோ எடுக்கிறோம்" என்ற அளவில் சொல்லிவிடுங்கள். என்ன உடையில் என்பது உங்கள் விஷயம். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் வசதி. நானும் லைட் ஸ்டாண்டெல்லாம் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். தெருவே எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு தோள்பை.

மாமியாரைவிட நான் பயப்படுவது ஹாலில் மாட்டியிருக்கும் வைஃபை கேமராவுக்குத்தான். கல்ஃபில் இருக்கும் அண்ணனோ கொழுந்தனோ போனில் பார்த்துக்கொண்டிருப்பார், உடை மாற்றிக்கொண்டு ஹாலைத் தாண்டும்போதுதான் நினைவு வரும். முதலில் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பொள்ளாச்சி: மனைவிக்குச் சர்ப்ரைஸாக நானே புக் செய்யலாமா?

முடியாதுங்க. அவங்களே என்னிடம் பேச வேண்டும்.

கொல்லங்கோடு: வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினால் பாதுகாப்பா?

அதில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, ஆனால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் பிடிக்க முடியும். அங்கே ரூமில் நாலு பேர் சேர்ந்து இருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். அந்த நாட்டில் ஆபாசம் பற்றிய சட்டமும் கடுமை. லீவில் வரும்போது ஆல்பமாகக் கையில் கொடுப்பதுதான் என் கட்சி. உங்கள் போனில் வைத்தால் கூகுள் போட்டோஸ் பேக்கப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதே அக்கவுன்ட் இருக்கும் பையனின் டேப்லெட்டில் வந்து நிற்கும்.

நெம்மாறை: ஸ்டுடியோக்காரர்கள் என் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால்? படம் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த "வேறு ஒப்பந்தம்" பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எடுக்கச் சம்மதித்தீர்கள் என்பதற்காகப் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவும் உண்டு. லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் கொடுங்கள்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரா ஃபைல்கள் (கேமராவில் பதிவான மூலப் படங்கள்) யாரிடம் இருக்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும், எங்கும் போடமாட்டேன் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். கார்டைச் சும்மா ஃபார்மேட் செய்தால் படம் போய்விடாது, இலவச சாஃப்ட்வேரே திரும்ப எடுத்துவிடும். நான் புதுக் கார்டில் எடுத்து, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கார்டையும் உங்களிடமே விட்டுவிட்டு வருகிறேன். கார்டின் விலை பில்லில் சேரும், அவ்வளவுதான்.

மீனாட்சிபுரம்: சிசேரியன் தழும்பு இருக்கிறது. அழித்துத் தருவீர்களா?

கேட்டால் அழிப்பேன். ஆனால் முதலில் அழிக்காத படத்தைக் காட்டுவேன். பக்கவாட்டு வெளிச்சம்தான் தழும்பைத் தூக்கிக் காட்டும், ஜன்னலை நேராகப் பார்த்துத் திரும்பிவிட்டால் பாதி அடங்கிவிடும். எலாஸ்டிக் தடம்தான் எனக்குப் பெரிய வேலை. எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தொளதொளவென்று நைட்டியில் இருங்கள்.

கோபாலபுரம்: ஆல்பம் எங்கே பிரின்ட் போடுவது? லேபில் எல்லோரும் பார்ப்பார்களே?

பார்க்கத்தான் செய்வார்கள். லேப் கம்ப்யூட்டரில் ஃபைலும் தங்கிவிடும். பத்துப் பதினைந்து படம்தானே, ஆறு கலர் இங்க் டேங்க் பிரின்டர் வைத்திருக்கும் தோழி யாராவது இருந்தால், மேட் பேப்பர் வாங்கிக்கொண்டு போய் நீங்களே பக்கத்தில் நின்று எடுத்து வந்துவிடுங்கள். பிரின்டரில் வசதி இருந்தால் பென்டிரைவை நேராக அதிலேயே செருகி எடுங்கள், தோழியின் லேப்டாப்பில் காப்பி செய்ய வேண்டாம்.