பொது மருத்துவர் எழுதிய மனச்சோர்வு மாத்திரையை நம்பலாமா?

"சில நாள் பயிற்சி எடுத்த பொது மருத்துவர் மனநலத்துக்கு சிகிச்சை தரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ குடும்ப மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார், அந்தப் பயத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படிப் பயிற்சி எடுத்த பொது மருத்துவர்தான்.

ஒரு அம்மா இரண்டு வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தலைவலி, உடம்பு வலி, தூக்கமின்மை. தைராய்டு, ஸ்கேன் எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி, சத்து மாத்திரையோடு தூக்க மாத்திரையும் எழுதி அனுப்புவேன்.

அப்புறம்தான் அந்தப் பயிற்சி. நிபுணர் அல்லாதவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த வழிகாட்டியை வைத்து நடத்தினார்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதை ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பழகினோம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதே அன்று பலருக்குப் புதுச் செய்தி.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, "இந்த இரண்டு வாரமாக எதிலாவது ஆர்வம் இருக்கிறதா? மனசு சோர்ந்தே கிடக்கிறதா?" என்று கேட்டேன். ரிப்போர்ட் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பழகிய அடுத்த கேள்வியைத் திக்கித் திணறித்தான் கேட்டேன். "நீங்க கொடுத்த தூக்க மாத்திரையைத்தான் டாக்டர் சேத்து வெச்சிருக்கேன்" என்றார்.

அன்றே மகளை வரவழைத்து, சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, பயிற்சி தந்த மனநல மருத்துவரை போனில் பிடித்து அவரிடம் அனுப்பிவைத்தேன்.

மனநல நிபுணரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். இருமுனைக் கோளாறு (சில காலம் மனச்சோர்வும் சில காலம் மனஎழுச்சி எனும் அளவுகடந்த உற்சாகமும் வரும் நோய்) இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனஎழுச்சி கிளம்பிவிடலாம். அதை விசாரிக்கத் தெரியாதவர் எழுதக்கூடாது. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு நிபுணர் இல்லையென்றால், எத்தனை நாள் பயிற்சி எடுத்தும் பயனில்லை. உங்கள் மருத்துவர் இதையெல்லாம் விசாரித்தாரா என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.