படத்தின் கீழே வருடம் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு லேண்ட்ஸ்கேப் நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். ஈசிஆரில் கடலை ஒட்டிய ஒரு வீட்டுக்குத் தோட்டமும் நீச்சல்குளமும் செய்தோம். 3டி படங்களைப் பார்த்ததுமே கிளையன்ட் சரி சொல்லிவிட்டார். வேலை முடிந்து ஒப்படைத்த அன்று அதே படங்களை ஃபோனில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். "நீங்க காட்டினது இது இல்லையே" என்றார். கடைசித் தவணை இன்னும் வரவில்லை. அடுத்த முறை ரெண்டர் இன்னும் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்கிறார் எங்கள் முதலாளி. லூமியன் மென்பொருளில் செய்வதா, வி-ரேயிலா, இல்லை பழையபடி கையால் வாட்டர்கலர் போடலாமா? இப்போது ஏஐ வேறு ஒரு நிமிடத்தில் படம் தந்துவிடுகிறது. பார்க்கப்போனால் இந்த கிளையன்ட்டுகளுக்கு ரசனையே கிடையாது ஐயா, படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். படங்களையும் கொட்டேஷனையும் இணைத்திருக்கிறேன். எழுத வருவதற்கு முன் நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே., சென்னை

அன்புள்ள கே.,

எந்த மென்பொருள் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கை எதில் ஓடுகிறதோ அதில் செய்யுங்கள். வாட்டர்கலரிலும் இதே தப்பைச் செய்யலாம். இருநூறு வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள், அதற்கு வருகிறேன். ஏஐ பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் ரசனை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. ஒரு மனிதர் தன் சேமிப்பைக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறார். அவருக்கு பிளான் படிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதற்காகத்தான் படம். அதை அவர் நம்பினார். நம்பியதால்தான் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டுப் பார்த்தார். உங்கள் படங்களை அத்தனை கவனமாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வரைந்த நீங்கள் பார்க்கவில்லை.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் சரக்கொன்றை மஞ்சள் சரமாகப் பூத்துத் தொங்குகிறது. பக்கத்திலேயே மரமல்லியும் வெள்ளைவெளேர் என்று பூத்திருக்கிறது. சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூப்பது. மரமல்லி பெரும்பாலும் மழை தொடங்கிய பிறகு பூப்பது. இரண்டும் இப்படிச் சேர்ந்து பூத்து நிற்கும் நாளை அந்த வீட்டார் எந்த வருடத்தில் பார்ப்பார்கள்?

இரண்டாவது படம் இன்னும் மோசம். மேசையில் விளக்கு ஏற்றிக் குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. அது வங்காள விரிகுடா, கே. அங்கே சூரியன் எழும், விழாது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது உங்கள் குளம். மாலையில் அதன்மேல் விழப்போவது இரண்டு மாடி வீட்டின் நிழல். மே மாதத்தில் அந்த நிழலுக்காக ஏங்குவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சாயங்காலம் தோல் கருகாமல் நீந்தலாம். உங்கள் டிசைனின் மிக நல்ல விஷயமே அதுதான். அதை மறைத்துவிட்டு வேறு ஏதோ ஊர்க் கடற்கரையின் பொன்வெயிலை ஒட்டியிருக்கிறீர்கள்.

உயரத்திலிருந்து எடுத்ததுபோல உள்ள மூன்றாவது படத்தைத் தூக்கிப் போடுங்கள், அந்த வீட்டில் யாரும் அங்கே நின்று பார்க்கப்போவதில்லை. நான்காவது, சிட்-அவுட்டிலிருந்து தெரியும் காட்சி. குளத்தின் அடியில் பதித்த நீல டைல்ஸ் கடைசி வரிசை வரை பளிச்சென்று தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். அவ்வளவு சாய்வாகப் பார்த்தால் குளத்தின் தூரத்துப் பாதி ஏறக்குறைய கண்ணாடிதான், எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் என்ன இருக்கிறது? பூச்சு வேலை மட்டும் முடிந்த காம்பவுண்ட் சுவர். ஒப்படைத்த நாளில் அவர் குளத்தில் பார்த்தது அந்தச் சுவரை. டைல்ஸ் தேர்ந்தெடுக்க எத்தனை இரவு கண்விழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், மனசு கஷ்டமாக இருக்கிறது. அதில் ஒரு இரவைச் சுவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இருநூறு வருடம் என்றேன். இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்று ஒருவர் இருந்தார், 1752இல் பிறந்தவர். ஜவுளி வியாபாரத்தில் நொடித்து, 1788இல், முப்பத்தாறு வயதில், இனி தோட்டம் அமைத்துக் கொடுப்பதே தொழில் என்று இறங்கினார். கைவசம் இருந்தது ஓவியம். ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் செய்து கொடுப்பார். 'ரெட் புக்' என்றே அவற்றுக்குப் பேர். உள்ளே வாட்டர்கலர் ஓவியங்கள். ஓவியத்தின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும், அதில் அந்த இடம் இன்று இருக்கும் நிலை. அதைத் தூக்கினால் அடியில் வரப்போகும் காட்சி. வெறும் வயலாக இருந்த இடத்தில் ஏரி விரியும், வேலி மறைந்து புல்வெளி ஓடும். நம் தொழிலில் 'முன்பு, பின்பு' என்று காட்டுகிறோமே, அதை அவரைவிட அழகாகச் செய்தவர் இல்லை.

அவர் காலத்திலேயே அவரை ஒருவர் பிடித்துக்கொண்டார். வில்லியம் மேசன், கவிஞர், தோட்டக்கலை தெரிந்தவர். நண்பருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சொல்கிறார்: ரெப்டன் இடங்களைக் காகிதத்தில் மாற்றிக் காட்டுகிறார், அவர் வரைந்த ஓக் மரங்கள் அச்சாக அதே வடிவத்தில் வளர்ந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் நம்பிக் காசு கொடுக்கிறார்கள் என்று. உங்கள் கிளையன்ட்டின் புகாரும் இதேதான்.

ரெப்டனே தன் மனசுக்கு மிகவும் பிடித்த வேலை என்று சொன்னது நார்ஃபோக்கில் உள்ள ஷெரிங்கம் எஸ்டேட். 1812இல் அதற்கு ரெட் புக் செய்தார். அதற்கு முந்தைய வருடம்தான் வண்டி விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டிருந்தது. 1818இல் இறந்துவிட்டார். அந்த வீட்டைக் கட்டச் சொன்ன இளம் உரிமையாளர் 1819இல், குடிபோகும் முன்பே இறந்தார். வரைந்தவரும் பார்க்கவில்லை, வரையச் சொன்னவரும் பார்க்கவில்லை. இன்று அந்தப் பூங்காவில் யார் யாரோ நடக்கிறார்கள்.

மரம் வைக்கிற தொழிலில் இது எப்போதும் நடக்கும். இதை கிளையன்ட்டிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். படத்திலேயே சொல்ல வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் நீலாங்கரையில் ஒரு வீட்டுக்குப் படங்களை எடுத்துக்கொண்டு போனோம். எல்லாம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் வந்தார். குளத்தோரத்து மகிழமரத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஏம்ப்பா, இந்த மரத்துக்கு என்ன வயசு?"

"மூணு வருஷத்துல வந்துடும்மா" என்றார் எங்கள் சீனியர்.

"மகிழமரமா? எங்க ஊர் வாசல்ல எங்க மாமனார் வச்சது ஒண்ணு நிக்குது. நான் கல்யாணமாகி வந்தப்ப என் உசரம் இருந்துது. பேத்தி பொறந்தப்பதான் அதுக்கடியில கட்டில் போட முடிஞ்சுது. நல்ல மரம், வை. ஆனா இப்படி நான் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டு வை."

சீனியர் பேச்சை டைல்ஸ் பக்கம் திருப்பிவிட்டார். அந்த அம்மா படத்தை விட்டு நகரவில்லை. ரசனை என்று எழுதினீர்களே, அதை நான் பார்த்தது அங்கேதான்.

உங்கள் கொட்டேஷனிலும் 'மகிழம், 6 அடி' என்றுதான் இருக்கிறது. படத்தில் அதற்கு வீட்டின் மாடி உயரம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைத்தான் கேட்கிறேன், ஒவ்வொரு படத்தின் கீழும் வருடம் எழுதுங்கள், மாதமும் மணியும் எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று மூன்று படம் போடுங்கள். முதலாவது ஒப்படைக்கும் நாள். அதில் கன்றுகளுக்குச் சவுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்க வேண்டும். கொரியன் புல்லின் சதுரங்களுக்கு நடுவே மண் கோடு தெரிய வேண்டும். சுவர் மொட்டையாக நிற்க வேண்டும். இரண்டாவது மூன்றாம் வருடம்: சுவரில் கொடி ஏறிவிட்டது, புல் அடர்ந்துவிட்டது, பூவரசு நிழல் தரத் தொடங்கிவிட்டது, மகிழம் இன்னும் பிள்ளைதான். மூன்றாவது பத்தாம் வருடம்: மகிழத்தின் நிழல் விரிய விரிய அதன் கீழே புல் செத்துக்கொண்டிருக்கும், உதிர்ந்த பூ குளத்தில் மிதக்கும், மிதப்பதைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தினமும் யாராவது கொட்ட வேண்டும். அதையும் வரையுங்கள். பூ மிதப்பது வேண்டாம் என்றால் மரத்தைத் தள்ளி வைக்கச் சொல்வார், அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, முன்கூட்டியே சொல்வது இருவருக்கும் லாபம்.

மொட்டைச் சுவரைக் காட்டினால் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று உங்கள் முதலாளி கேட்பார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் போடுவார். தோட்டம் வளரும் என்பதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும். முதல் வருடம் கூட்டிப் பெருக்க மட்டும் ஆள் வைத்தால் போதாது, தோட்டக்காரர் வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும். போடாமல் எழுந்து போகிறவர் எப்படியும் கடைசித் தவணையை நிறுத்தியிருப்பார்.

குளத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. கடல் பக்கம் விளிம்பு வழியும்படி வரைந்திருக்கிறீர்கள். பம்ப் ஓடினால்தான் அது வழியும், நிறுத்தினால் ஈரச்சுவர்தான் மிச்சம். நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப்போகிறார் என்று கேட்டீர்களா? வழியும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பேலன்ஸ் டேங்க், பம்ப் ரூம் எதுவும் ஒரு படத்திலும் இல்லை. 10 மீட்டருக்கு 5 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் 70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆறு வர வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வருடம் வந்தால் குளத்தை என்ன செய்வது என்பதையும் வரைபடத்தோடு பேசுங்கள்.

இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். முதலாளியை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். தவணையைப் பற்றிப் பேச வேண்டாம். சிட்-அவுட்டில் அவர் உட்காரும் நாற்காலியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து, அதே கோணத்தில் மூன்றாம் வருடத்தையும் பத்தாம் வருடத்தையும் வரைந்து கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்தச் சுவரோரம் கொடி வைத்துவிடச் சொல்லுங்கள், மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். மகிழத்துக்குக் கட்டிய கயிறு தண்டை அறுக்கிறதா என்று பார்த்துத் தளர்த்திவிட்டு வாருங்கள். படங்களை எனக்கும் அனுப்புங்கள்.