1871-லேயே ஆண்களுக்கெல்லாம் வாக்குரிமை தந்த ஜெர்மன் பேரரசை ஏன் ஜனநாயகம் என்று சொல்வதில்லை?

நல்ல கேள்வி. 25 வயது நிரம்பிய ஆண்களில் பெரும்பாலோர் ரகசிய வாக்கெடுப்பில் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய பிரிட்டனில்கூட இவ்வளவு பேருக்கு வாக்கு இல்லை. ஆனால் அந்த நாடாளுமன்றத்தால் அரசாங்கத்தை அமைக்கவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. அரசாங்கத்தின் தலைவரான சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் கைசர் எனப்பட்ட பேரரசர்தான்.

இதற்கு 1913-இல் நடந்த சாபெர்ன் விவகாரமே போதும். அல்சாஸ் பகுதியின் அந்தச் சிற்றூரில் ஓர் இளம் ராணுவ அதிகாரி உள்ளூர் மக்களை இழிவாகப் பேசினார். மக்கள் கொதித்தெழ, ராணுவம் பொதுமக்களைச் சட்டவிரோதமாகப் பிடித்து அடைத்தது. ரைஷ்டாக் 293-க்கு 54 என்ற கணக்கில் சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கைக் கண்டித்தது. சரி, என்ன ஆனது? அவர் பதவியிலேயே நீடித்தார். எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இது.

அப்புறம் பிரஷ்யா. பேரரசின் மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தார்கள். அதன் மாநிலச் சட்டசபைக்கோ, கட்டும் வரியைப் பொறுத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மொத்த வரியில் மூன்றிலொரு பங்கைக் கட்டும் சில பணக்காரர்களின் வாக்குக்கும், கடைசி வகுப்பில் நெரிந்துகிடந்த பெருந்திரளான ஏழைகளின் வாக்குக்கும் சம எடை! அதுவும் வாய்விட்டுச் சொல்லும் வாக்கு. முதலாளிக்குத் தெரியாமல் போடவே முடியாது. 1912-இல் ரைஷ்டாக்கின் 397 இடங்களில் 110-ஐ வென்று மிகப் பெரிய கட்சியான சமூக ஜனநாயகவாதிகள், பிரஷ்யச் சபையில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள். இந்த முறை ஒழிந்தது 1918 புரட்சியில்தான்.